கருமணலும் கடன்சொல்லும்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் மணல் கருமணல். தலைமுறை தலைமுறையாக அம் மணலில் வலை உலர்த்தியவரும் கட்டுமரம் இழுத்தவரும் தமிழர். 'கருமணல்' என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. ஆயினும் அம் மணலுள் இருப்பது யாது என்று உலகுக்குச் சொன்னவன் தமிழன் அல்லன். 1909-ஆம் ஆண்டில் சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியலன், திருவிதாங்கூர்க் கரையினின்று வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆய்ந்து, அதில் தோரியம் பொதிந்த மோனசைட்டு இருக்கக் கண்டான். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது அதன் பின்னரே. மணல் இங்கிருந்து சென்றது. மணலைப் பற்றிய அறிவு அங்கிருந்து வந்தது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அக் கரை தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. மண் மீண்டது, மண்ணைப் பற்றிய அறிவு மீண்டதா என்பதே ஈண்டு எழும் வினா.

அம் மணலில் மோனசைட்டோடு இல்மனைட்டு, உரூத்தைல், சிர்க்கன் முதலிய கனிமங்கள் கலந்துள்ளன. இல்மனைட்டிலும் உரூத்தைலிலும் அடங்கியிருப்பது தைத்தானியம் என்னும் மாழை. இம் மாழையோடு உயிர்வளி கூடிய பொருளே வீட்டுச் சுவரின் வெண்பூச்சிலும், தாளிலும், நெகிழியிலும், பற்பசையிலும் வெண்மை தருவது. இற்றை அறிவியலார் இதே பொருளைக் கண்ணுக்கெட்டா நுண்ணளவில் ஆக்கி, கதிரொளியால் அழுக்கை அழிக்கவும், நீரைப் பிரிக்கவும், ஒளியினின்று மின்னாற்றல் பெறவும் முயல்கின்றனர். இந்திய நடுவணரசு 2007-ஆம் ஆண்டில் இத் துறைக்கெனத் தனித்திட்டமே தொடங்கியது. தமிழகக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இத் துறையில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றோர் மிகப் பலர்.

அவருள் ஒருவரை அணுகி, "ஐயா, தாங்கள் ஆய்ந்தது யாது?" என்று தமிழில் வினவுக. "மெட்டல் ஆக்சைடு நானோ மெட்டீரியலைக் கெமிக்கல் பிரிகர்சரிலிருந்து சிந்தசைசு பண்ணி, பர்னசில் கால்சினேட் பண்ணினோம்" என்பதே விடையாக வரும். இவ் விடையில் தமிழென்று இருப்பன 'பண்ணி', 'பண்ணினோம்' என்னும் இரு வினைகளும் சில உருபுகளுமே. பொருள் அனைத்தும் பிறன் வீட்டுச் சரக்கு. கேட்டவர் ஒன்றும் அறிந்திலர். சொன்னவராவது அறிந்து சொன்னாரா என்று துருவினால், அங்கும் பெரும்பாலும் வெறுமையே.

இதனைச் சுட்டினால் உடனே ஒரு மறுமொழி எழும்: "தமிழில் இவற்றைச் சொல்லவியலாது." இம் மறுமொழியை எத்தனையோ பேராசிரியர் எத்தனையோ மேடைகளில் கூறிவிட்டனர். இயலாது என்பார் என்றேனும் முயன்றாரா என்பதை எவரும் கேட்டிலர். வழக்காடுவதினும் செய்து காட்டுவதே மேல். ஆகலின் அவ் வாய்வுப் பொருளைத் தமிழ் கொண்டே சொல்லிப் பார்ப்பது தகும்.

'நானோ' என்பது 'குள்ளன்' எனும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. 1960-ஆம் ஆண்டில் உலகப் பொது அளவை முறையில் நூறு கோடியில் ஒரு கூற்றைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்கப்பெற்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து நூறாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மாந்தன் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடைய துகளை மீநுண்துகள் என்பது தமிழுக்கு இயல்பாகப் பொருந்தும்.

இத்துணைச் சிறிதாக்குவதன் பயன் யாது? ஒரு செண்டிமீட்டர்ப் பக்கமுடைய கட்டியொன்றின் மேற்பரப்பு 6 சதுர செண்டிமீட்டர். அதே கட்டியைப் பத்து நானோமீட்டர்ப் பக்கமுடைய சிறு கட்டிகளாக வகுத்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். பொருள் கூடவில்லை, எடை கூடவில்லை, வினை நிகழும் பரப்போ பத்து நூறாயிரம் மடங்கு பெருகிவிட்டது. அளவு சுருங்கப் பண்பும் மாறுகின்றது. தைத்தானிய வெண்பொடி 200 முதல் 300 நானோமீட்டர் அளவில் ஒளியைச் சிதறடித்து வெள்ளை வெளேரெனத் தோன்றும். அதனைச் சில பத்து நானோமீட்டர் அளவினதாக்கிப் பூசினால், வெண்மை மறைந்து ஒளி ஊடுருவும். புறவூதாக் கதிரை மட்டும் தடுக்கும். வெயிற்காப்புப் பசைகளில் அதனைக் கலப்பதற்குக் கரணியம் இதுவே.

இனி, ஆக்கும் முறை. பெரும்பொருளை அரைத்து அரைத்துச் சிறிதாக்குவது ஒரு வழி. அணுவும் மூலக்கூறுமாக அடுக்கிக் கீழிருந்து கட்டுவது மற்றொரு வழி. பின்னதற்குத் தொடக்கமாகக் கொள்ளும் சேர்மத்தையே ஆங்கிலத்தில் 'பிரிகர்சர்' என்பர். பின்னர்த் தோன்றவிருக்கும் பொருளுக்கு முன்னர் நிற்பதாகலின் அது முன்பொருள். தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக் காளவாய்க்காரர் இதனை அறியாதவர் அல்லர். அவர் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுடுகின்றார். கிளிஞ்சல் முன்பொருள், கரிவளி வெளியேறுகின்றது, எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அது கால்சியம் என்னும் மாழையின் உயிர்வளிச் சேர்மம். ஆய்வுக்கூடத்து உலையில் 'கால்சினேசன்' என்று நடப்பதும் இத்தகைய வினையே. அவ் வாங்கிலச் சொல்லும் சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லினின்றே பிறந்தது. தமிழில் அதற்கு நீற்றுதல் என்னும் சொல் நெடுங்காலமாக உண்டு. சுட்டு எஞ்சியது நீறு. இலத்தீனன் தன் காளவாய்ச் சொல்லை அறிவியலுக்கு உயர்த்தினான். தமிழ்ப் பேராசிரியனோ தன் காளவாய்ச் சொல்லை மறந்து, இலத்தீனன் காளவாய்ச் சொல்லைக் கடன் வாங்கினான்.

மீநுண்துகள் ஆக்கும் முறைகளுள் பெரிதும் வழங்குவது 'சோல்–செல்' என்பது. 1846-ஆம் ஆண்டிலேயே எபெல்மன் என்னும் பிரஞ்சு வேதியலர் சிலிக்கத்தின் சாராயச் சேர்மமொன்று ஈரக்காற்றில் மெல்ல இறுகிக் கண்ணாடிபோல் ஆகக் கண்டார். அதன் வழிவந்த முறை இது. தைத்தானிய அணுவைச் சுற்றி நான்கு சாராயக் கூறுகள் பிணைந்த ஐசோபுரோப்பாக்சைடு என்னும் நீர்மத்தை முன்பொருளாகக் கொள்வர். அதில் நீர் பட்டால் சாராயக் கூறுகள் கழன்று, அவ்விடங்களில் நீரின் கூறு வந்து பற்றும்; இது நீராற்பகுப்பு. அவ்வாறு மாறிய இரு மூலக்கூறுகள் அடுத்து நெருங்கி, இடையே ஓர் உயிர்வளி அணுவைப் பாலமாக்கிப் பிணையும், இது குறுக்கம். நீரை ஒருங்கே கொட்டினால் வெண்பொடி விரைந்து படிந்துவிடும். ஆகலின் சிறிது காடி சேர்த்து வினையைத் தணித்து, நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவர். முதலில் மீநுண்துகள்கள் நீர்மத்தில் மிதக்கும் நிலை. பின்னர் அவை ஒன்றோடொன்று கைகோத்து வலைப்பின்னலாகி நீர்மத்தைத் தம்முள் அடைத்து இறுகும் நிலை. அவ் விறுகலை உலர்த்தி, ஏறத்தாழ 400 முதல் 500 செல்சியசில் நீற்றினால் அனதேசு என்னும் பளிங்கு வடிவம் கிடைக்கும். வெப்பத்தை மிகுத்துக் கொண்டே சென்றால் அது உரூத்தைல் வடிவாக மாறும்.

மிதக்கும் முதல் நிலையும் இறுகும் இரண்டாம் நிலையும் தமிழில் எவையெனப் பேராசிரியர் தம் வீட்டு அடுக்களையில் கேட்கட்டும். முன்னது கூழ், பின்னது களி. கூழ்–களி முறை என்றால் கேழ்வரகு கிண்டிய எந்தத் தாய்க்கும் அதன் சாயல் விளங்கும். 'சோல்–செல்' என்றால் பட்டம் பெற்றவருக்கும் உள்ளீடு விளங்குவதில்லை.

வேறு முறைகளும் உள. மாழை உப்பின் கரைசலில் காரம் சேர்த்துத் துகளைப் படிவிப்பது வீழ்படிவு முறை. 1981-ஆம் ஆண்டில் மசார் என்னும் பிரஞ்சு அறிஞர் இருவகை இரும்பு உப்புகளை ஒருங்கே காரத்தில் படிவித்துக் காந்தத்தன்மையுடைய மீநுண் இரும்புத்துகள்களை ஆக்கினார். மூடிய கலத்தில் நீரோடு வைத்து அழுத்தத்தில் வேகவிடுவது நீர்வெம்மை முறை. 1998-ஆம் ஆண்டில் கசுகா முதலிய சப்பானியர் தைத்தானியப் பொடியைச் செறிந்த எரிகாரக் கரைசலில் 110 செல்சியசு வெப்பத்தில் வைத்து, ஏறத்தாழ 8 நானோமீட்டர் விட்டமுடைய குழாய்களைப் பெற்றனர். குளோரினோடு கூடிய தைத்தானிய முன்பொருளை அழலில் ஆவியாகச் செலுத்திப் புகைபோல் துகள் திரட்டுவது அழல்முறை. அம் முன்பொருள் ஈரக்காற்றுப் பட்ட அளவிலேயே வெண்புகை கக்குவது. போர்க்களத்தில் படையை மறைக்கும் புகைத்திரையாகவும் அதனைப் பயன்படுத்தினர்.

இத்துணையும் சொல்லி முடிந்தது. தமிழ் எவ்விடத்தில் இடறி விழுந்தது? எவ்விடத்தில் பொருள் மயங்கியது? பள்ளியிறுதி கற்ற தமிழ்மாணவன் இதனைப் படித்து உணரமாட்டானா? 'இயலாது' என்றவர் இனியேனும் 'இயலாமை எம்முடையது; தமிழுடையது அன்று' என்று ஒப்புவாராக.

பெயர்களைப் பற்றியும் ஒரு தடை எழுப்புவர். 'ஆக்சிசன்' உலகப் பொதுச்சொல்லாம். அதனை மாற்றுவது அறிவின்மையாம். உலகம் என்பது இலண்டன் மட்டும்தானா? அச் சொல்லை ஆக்கியவர் பிரஞ்சு வேதியலர் இலவாய்சியர். காடியை உண்டாக்குவது என்பது அதன் பொருள். காடிகள் அனைத்திலும் அவ் வளி உண்டென அவர் கருதினார். 1810-ஆம் ஆண்டில் அம்பிரி தேவி என்னும் ஆங்கில வேதியலர், உப்பினின்று பெறும் காடியில் அவ் வளி இல்லை என்று காட்டினார். சொல்லின் அடிப்படையே பிழையென்று அன்றே வெளிப்பட்டது. செருமானியர் அப் பிழையையாயினும் தம் மொழியிலேயே 'புளிப்புப்பொருள்' என்னும் பொருள்படச் சொல்கின்றனர். உருசியரும் சப்பானியரும் அவ்வாறே தத்தம் சொல்லால் சொல்கின்றனர். சீனர் 'பேணி வளர்ப்பது' என்னும் கருத்தமைந்த சொல்லை ஆக்கி, அதற்கெனத் தனியெழுத்தும் வகுத்தனர். தமிழின் உயிர்வளி சீனர் கருத்தோடு ஒத்தது. பொருளுண்மையில் பிரஞ்சுச் சொல்லினும் சிறந்தது. பிழைப்பட்ட சொல்லைப் பிடித்துக் கொண்டு சரியான சொல்லைப் பழிப்பதற்கு அறிவியல் என்று பெயரிடுவது எங்ஙனம்?

தைத்தானியத்தின் பெயர் வரலாறும் அறியத்தக்கது. 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்னுவால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் குருவானவர் கருமணலொன்றை ஆய்ந்து அதனுள் ஒரு புதிய மாழை இருப்பதை உணர்ந்தார். அருகிருந்த மனாக்கன் என்னும் சிற்றூரின் பெயரால் அப்பொருளை அழைத்தார். 1795-ஆம் ஆண்டில் செருமானியராகிய கிளாப்ரோத்து அம் மாழையைத் தனித்துக் கண்டுணர்ந்து, கிரேக்கத் தொன்மக் கதையின் அரக்கர் பெயரை இட்டார். இல்மனைட்டு என்பதும் உருசியாவின் இல்மன் மலைப்பெயரே. தம் ஊரையும் மலையையும் கதையையும் பெயராக்கிக் கொள்ளப் பிறர்க்கு உரிமையுண்டு. தமிழன் மட்டும் தன் கடற்கரைச் சொல்லை உரைத்தால் அது குறுகிய நோக்காம்!

எனினும் ஒன்று கூறல் வேண்டும். அயற்பெயர் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுக என்பது ஈண்டுக் கருத்தன்று. பொருள் விளக்கும் வினைச்சொற்களும் முறைப்பெயர்களும் முதற்கண் தமிழாதல் வேண்டும். மாழைகளின் தனிப்பெயருள் தமிழ் இல்லாதவற்றைத் தொல்காப்பியர் வகுத்த நெறிப்படி அயலெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக. டகரம் சொல்லின் முதலில் வாராது, ஆகலின் தைத்தானியம். இந் நெறி ஈராயிரம் ஆண்டு மூத்தது. இன்றும் இடர்ப்படாது இயங்குவது.

"ஆய்வுத்தாளை ஆங்கிலத்தில் எழுதினால்தானே உலகம் படிக்கும்?" என்பது அடுத்த தடை. இது தள்ளத்தக்கதன்று, ஆராயத்தக்கது. 1972-ஆம் ஆண்டில் புசிசிமாவும் ஓண்டாவும் தைத்தானிய உயிர்வளிச் சேர்மத்தின்மேல் ஒளி படும்போது நீர் பிரிவதை ஆங்கில இதழில்தான் வெளியிட்டனர். உலகத்தோடு பேச அவர்க்கு ஆங்கிலம் கருவியாயிற்று. ஆனால் அவர் நாட்டுச் சிறுவர் வேதியலைத் தம் தாய்மொழியிலேயே கற்கின்றனர். அவர் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அம் மொழியிலேயே பாடம் நடக்கின்றது. வேர் சப்பானிய மண்ணில். கனி உலகச் சந்தையில். தமிழகத்திலோ வேரையே அயல்மண்ணில் ஊன்றிவிட்டுக் கனி வரவில்லையே என்று கையைப் பிசைகின்றனர். உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதை எவரும் தடுத்திலர். தமிழர்க்குத் தமிழில் ஒரு பக்கமேனும் எழுதாமைதான் குற்றம்.

"மாணவர் விரும்புவதில்லை" என்பது மற்றொரு சாக்கு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவராகிய கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875-ஆம் ஆண்டில் 'கெமிஸ்தம்' என்னும் பெயரில் வேதியல் நூலும் தமிழில் அச்சேறியது. கடல்கடந்து வந்த வெள்ளையனுக்கு இயன்றது, தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த பேராசிரியர்க்கு இயலவில்லை! இலங்கையில் பள்ளி மேல்வகுப்பு வரை வேதியலைத் தமிழில் கற்று, மருத்துவராகவும் பொறியாளராகவும் உலகெங்கும் விளங்குவோர் எண்ணற்றோர். அவர்க்கு எந்தக் குறைவு நேர்ந்தது?

பகைவரை மட்டும் பழித்து அமைவது நேர்மையன்று. தமிழன்பரிடத்தும் இரு குறைகள் உள. ஒன்று, பொருளைக் காணாமலே சொல்லாக்குவது. களி இறுகுவதைக் கண்ணால் காணாதவன், உலையினின்று பொடி எடுப்பதைப் பாராதவன், நாற்காலியில் அமர்ந்து அகராதியைப் புரட்டி ஆக்கும் சொல் உயிரற்றதாகும். ஒரு பொருட்குப் பத்துச் சொல் தோன்றி ஒன்றும் நிலைக்காது. மற்றொன்று, வீண்பெருமை. சித்தர் பற்பத்திலும் செந்தூரத்திலும் மீநுண்துகள் காணப்படுகின்றது என்னும் ஆய்வுகளைக் கொண்டு, மீநுண்ணறிவியலையே சித்தர் கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குவோர் உளர். புடமிடும் கைத்திறம் சித்தர்க்கு இருந்தது, அது போற்றத்தக்கது. துகளின் அளவை அளந்தறியும் கருவியும் அணுவியலும் அவர்க்கு இருந்தில. இல்லாததை உண்டென்றால், உள்ளதையும் உலகம் நம்பாது. முன்னோர் செய்யாததைச் செய்ததாகப் பேசுவதினும், அவர் விட்ட இடத்தினின்று பின்னோர் செய்வதே தமிழுக்குப் பெருமை.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு என்று எவரேனும் எண்ணினால், அவர் அடுத்ததைக் கேட்கட்டும். 2006-ஆம் ஆண்டில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, இத் தைத்தானிய வெண்பொடியை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைக்கக் கூடியவையாக ஐயுறப்படும் பொருள்களின் வகையில் வைத்தது. விலங்குகள் அப் பொடியை மூச்சில் இழுத்தபோது கண்ட விளைவே அதற்குப் பெரிதும் அடிப்படை. 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதனைச் சேர்ப்பதை விலக்கியது. சுவரில் பூசப்பெற்ற பூச்சால் அச்சமில்லை. மூச்சில் ஏறும் நுண்பொடியே கருதத்தக்கது. பொடி மூட்டையைத் தோளில் சுமப்பவன் தமிழன். பூச்சு ஆலையில் அதனைக் கொட்டிக் கலக்குபவன் தமிழன். மூட்டையின்மேல் அச்சிட்ட எச்சரிக்கையோ ஆங்கிலத்தில். முகமூடி அணிக என்னும் ஒரு வரி அவன் மொழியில் இல்லாமையால் அவன் நுரையீரல் அப் பொடிக்குக் களமாகின்றது. மொழி என்பது இங்கு மேடைப்பேச்சு அன்று, மூச்சு.

கருமணற் கரையில் வாழ்வோர் நிலையும் அதுவே. மோனசைட்டில் தோரியம் உண்டு, தோரியம் கதிர்வீசுவது. மணலைத் தோண்டுவதால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று துணியும் உரிமை முதற்கண் அக் கரைமக்களுக்கு உரியது. அறிவு அவர் மொழியில் இல்லையெனில் அவர் உடன்பாடும் உடன்பாடன்று. அவர் மறுப்பும் அச்சமெனத் தள்ளப்படும். தமிழில் எழுதப்பெறாத அறிவியல், தமிழனை அவன் மண்ணைப் பற்றிய வழக்கிலேயே ஊமையாக்கிவிடுகின்றது.

ஆகலின் செய்யத்தக்கன இவை. தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் அளிக்கப்பெறும் ஒவ்வோர் அறிவியல் ஆய்வேட்டோடும் பொதுமக்கள் படித்துணரும் தமிழ்ச்சுருக்கம் ஒன்று கட்டாயமாக இணைக்கப்பெறல் வேண்டும். சொல்லாக்கக் குழுக்களில் புலவரோடு ஆய்வுக்கூடத்தாரும், அவரோடு காளவாய்க்காரரும், கொல்லரும், சாயத் தொழிலாளரும் அமர்தல் வேண்டும். இடர்விளைக்கும் பொடிகளின் எச்சரிக்கை தமிழில் அச்சிடப்பெறல் வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் நீற்றுதல், கூழ், களி, முன்பொருள் என்னும் சொற்களை நாணாது வழங்கல் வேண்டும். இவற்றுள் இறுதியானதற்கு அரசாணை வேண்டா. உள்ளத்துணிவு ஒன்றே போதும்.

ஒரு பொருளைக் களியாக இறுக்குவதற்குத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்தல் வேண்டும் என்பதை மேலே கண்டோர், தமிழர்க்கும் அதுவே வேண்டுவதென்று உணர்வாராக. கருமணல் தமிழ்க்கரையில் நூறாண்டுக்கு மேலாக அள்ளப்பட்டு வருகின்றது. அதனைப் பற்றிய அறிவையேனும் தமிழில் அள்ளிவைக்கும் தலைமுறை இனியாவது எழுக!